எல்லாப் பள்ளிக்கும் ஒரே கணினி

வலயக் கல்வி அலுவலகத்தில் கணினி திருத்துபவள் ஸுஹைனா. ஒவ்வொரு பள்ளி அதிபரும் தனக்குத் தெரிந்த கடையில் வாய்த்ததை வாங்கிவைப்பார். ஒன்றின் பாகம் மற்றதற்குப் பொருந்தாது. வாவியின் இரு கரைப் பள்ளிகளுக்கும் சாக்கு நிறைய உதிரிப்பாகம் சுமந்தே அவளுக்குப் பதினொரு வருடம் போயிற்று. இனி எல்லோரும் ஒரே மொடல்தான் வாங்கவேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்று சாதித்தபோது, எதிர்த்து அதிகம் குதித்தவர் அதிபர் ட்றெவர்.

எல்லாப் பள்ளிக்கும் அந்த மொடல் வந்தபின், ஒரு பரீட்சையன்று காலை அவரே தொலைபேசியில் அழைத்தார்.

"கொம்பியூட்டர்ல பவர் சப்ளை எரிஞ்சிட்டு, மிஸ்."

ஸுஹைனா சாக்கைத் தூக்கினாள்.

"நீங்க வரத் தேவல்ல. அக்கரைப் பள்ளிக்கூடத்துல சும்மா கிடந்த மெஷின்ல இருந்ததக் கழட்டி, தோணியில கொண்டுவந்து நாங்களே பூட்டிட்டம். அச்சொட்டாப் பொருந்திச்சு!"

சாக்கை உதறி, கால் துடைக்க வாசலில் விரித்தாள் ஸுஹைனா.