சிவப்புக் கம்ப்ரசருக்கு நான் போட்ட மார்க்

ஒன்பது வயதில் எதையும் பட்டியல் போட்டால்தான் எனக்கு நிம்மதி. பள்ளிப் பையில் என்னென்ன இருக்கிறது, குளிர்பெட்டியில் என்னென்ன இருக்கிறது, எந்த அத்தை எத்தனை மணிக்கு வந்தார் என்று எல்லாமே ஒரு நோட்டில் இருக்கும். வீட்டில் இதைக் கேலி செய்யாத ஒரே ஆள் அப்பா. அதனால்தான் கம்ப்ரசர் வாங்கப் புறப்பட்டபோது என்னையும் நோட்டையும் அழைத்துக்கொண்டு போகிறார் என்று நம்பினேன்.

அப்பா அப்போது மலேசியாவின் கிள்ளானில், தகரத்தை அழுத்தி டின் மூடி செய்யும் தொழிற்சாலையில் இருந்தார். பதினெட்டு வருடமாக ஒரே எந்திரத்தின் பக்கத்தில் நின்று அலுத்துப்போயிருந்தது. அதை விட்டுவிட்டு, மோட்டார் சைக்கிள் டாங்கிக்கும் மட்கார்டுக்கும் வீட்டிலேயே சாயம் அடித்துக் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தார். கார் நிறுத்தும் இடத்தில் தார்ப்பாய் கட்டியாகிவிட்டது. ஸ்பிரே கன்னும் வந்துவிட்டது. அதற்குக் காற்று தரும் கம்ப்ரசர்தான் பாக்கி.

சிக்கல் பக்கத்து வீடு. எங்களுடையது வரிசை வீடு, இரண்டுக்கும் ஒரே சுவர். அந்த வீட்டு அங்கிள் துறைமுகத்தில் இரவு ஷிப்டில் கிரேன் ஓட்டுபவர், பகலில் தூங்குவார். அப்பா முறையாகப் போய் அனுமதி கேட்டார்.

“ஒன் பொழப்ப கெடுக்க மாட்டேன் தம்பி, செய்யி. ஆனா என் தூக்கம் போச்சுன்னா நிறுத்திடணும். தூங்காம கிரேன் மேல ஏறினா கீழ நிக்கிறவன் கதி என்னா?”

அப்பா வாக்குக் கொடுத்தார். ஆக, சத்தம் குறைவான கம்ப்ரசர் கிடைத்தால் பட்டறை உண்டு, தொழிற்சாலையை விடலாம். கிடைக்காவிட்டால் இரண்டும் இல்லை.

நோட்டில் ஐந்து கட்டம் கிழித்திருந்தேன். டாங்கி எத்தனை லிட்டர், எத்தனை குதிரைத்திறன், எண்ணெய் ஊற்ற வேண்டுமா, சக்கரம் உண்டா, சத்தம். முதல் நான்கையும் கடையில் பெட்டிமேல் ஒட்டியிருந்ததைப் பார்த்தே எழுதிவிட்டேன். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று சிவப்பு, பெல்ட் போட்டது, பெரிய டாங்கி, நிறுத்தாமல் அடிக்கலாம். மற்றது வெள்ளை, சின்னது, நடுநடுவே காற்று நிரம்பக் காத்திருக்க வேண்டும். அப்பாவின் கை சிவப்பின் மேலேயே இருந்தது.

“சத்தத்துக்கு நீதான் மார்க் போடணும் மேடம். பத்துக்கு. காது வலிச்சா பத்து,” என்றார்.

கடை முதலாளியான தௌக்கே முதலில் வெள்ளையை ஓட்டிக் காட்டினார். மூன்று போட்டேன். பிறகு சிவப்பு. தரை அதிர்ந்தது. தௌக்கேயே ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, மறுகையால் அப்பாவிடம் ஏதோ விளக்கினார். நான் எட்டு என்று எழுதினேன். எழுதிவிட்டு அப்பாவைப் பார்த்தேன். அந்த எந்திரத்துக்கு ஒரு முழம் தள்ளிக் குனிந்து, காற்றழுத்த முள்ளைப் படித்துக்கொண்டிருந்தார். மேசை விசிறி பக்கத்தில் நிற்பவரைப்போல இருந்தது அவர் முகம். பெரியவர்களுக்கு இதெல்லாம் ஒரு சத்தமே இல்லைபோல, நான்தான் வீணாகப் பயப்படுகிறேன் என்று தோன்றியது. எட்டை அழித்துவிட்டு நாலு என்று போட்டேன்.

“நாலுதானா? நல்லா கேட்டியா?”

“நாலுதான்பா.”

அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலையில் அப்பா முதல் மோட்டார் சைக்கிள் டாங்கிக்கு நீலம் அடிக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு அங்கிள் கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டு எங்கள் கேட்டுக்கு வந்துவிட்டார். “தம்பி! தம்பி! ஓய், ஒன்னத்தான்யா!” அப்பாவின் முதுகு அசையவில்லை. அடுப்படியிலிருந்து ஓடிவந்த அம்மா சுவிட்சை அணைத்தார். எந்திரம் அடங்கிய பிறகும் அங்கிள் இரண்டு தடவை கூப்பிட்டார். கம்ப்ரசர் டாங்கியில் மிஞ்சியிருந்த காற்று தீரும்வரை அப்பா அடித்துக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் திரும்பி, “கரண்டு போச்சா?” என்றார்.

“என்னங்க, மனுஷன் தொண்டை கிழிய கத்துறாரு, வேணும்னே திரும்பாம நிக்கிறீங்களா?” என்று அம்மா கேட்டார்.

“சத்தம் கம்மின்னு நெனச்சேண்ணே,” என்றார் அப்பா அங்கிளிடம்.

“இதுவா கம்மி? ஏரோப்ளேன் கூரையில எறங்குதுன்னு எந்திரிச்சேன் லா!” அங்கிளுக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். “வாக்கு குடுத்தியே தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா என் முன்னால் குந்தினார். “நாலுன்னு போட்டியேம்மா?”

அழுகை வந்துவிட்டது. “மொதல்ல எட்டுதான் போட்டேன். நீங்க கிட்டயே சும்மா நின்னீங்க, ஒங்களுக்கு ஒன்னுமே ஆகல. அதான் அழிச்சிட்டேன்.”

அவர் சாயம் பட்ட கையுறையை மெதுவாகக் கழற்றினார். அம்மா என்னைத் திட்ட ஆரம்பித்ததும், “புள்ளைய திட்டாத. அவ சரியாத்தான் போட்டா,” என்றார்.

இன்று ஷா ஆலமில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. சந்தேகமான கருவியை நம்பகமான இன்னொன்றோடு ஒப்பிட வேண்டும் என்பது முதல் விதி. அன்று கடையில் அப்பா என்னை நம்பினார், நான் அப்பாவை நம்பினேன்.

மறுநாள் சிவப்பைத் திரும்பக் கொண்டுபோனோம். சாயம் தெறித்ததை எப்படி விற்பது என்று தௌக்கே முணுமுணுத்தார், ஆனாலும் மாற்றிக் கொடுத்தார். வெள்ளை ஓடிய முதல் நாள் அங்கிள் பிற்பகல்வரை எழவே இல்லை. அடுத்த மாதம் அப்பா தொழிற்சாலையை விட்டார்.

மாற்றிக்கொண்டு வந்த அன்று மாலை, என்னை மட்டும் வீட்டுக்குப் பின்னால் இருந்த திடலுக்கு அழைத்துப் போனார். ஒரு விளையாட்டு என்றார். அவர் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வார். நான் பத்தடி தள்ளி நின்று ‘அப்பா’ என்று கூப்பிட வேண்டும். முதலில் ரகசியம்போல, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தமாக. கேட்டதும் கையைத் தூக்குவார். அதற்குள் எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று எண்ண வேண்டும்.

எண்ணினேன். நான்கு, ஐந்து. கை எழவில்லை. ஏழாவது தடவை, சாப்பிடக் கூப்பிடும் குரலிலேயே கூப்பிட்டேன். திடலின் ஓரமாக நடந்துபோன ஒரு அக்கா திரும்பிப் பார்த்தார். அப்பா பார்க்கவில்லை. கிட்டத்தட்டக் கத்தியபோது, பதினோராவது தடவை, கை எழுந்தது.

பதினொன்று, பதினொன்று என்று குதித்தேன். அப்பா வந்து என் தலையைத் தடவினார். “கெட்டிக்காரி. அம்மாகிட்ட சொல்லாதம்மா.”

தோற்றுப்போனதைச் சொல்ல வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. சொல்லவில்லை.