எனக்குத் தெரியாத வட்டி

கொரியாவில் மூன்று மாதப் பயிற்சிக்கு எங்கள் தொழிற்சாலை லைனிலிருந்து இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் ஒருத்தி நான். விசாவுக்குக் கேட்ட காகிதங்களில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்த ரசீதும் ஒன்று. சென்னைப் பக்கம் ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடமாகியும் நான் ஒரு தடவைகூடக் கணக்கு தாக்கல் செய்ததில்லை. கடைசித் தேதியான ஜூலை முப்பத்தொன்றுக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கூட்டுரோட்டு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அதை நடத்துகிற அக்கா உள்ளூர்க்காரர். ஜூலை மாதமானால் அவரிடம் எங்கள் மாதிரி ஆட்கள்தான் கூட்டம்.

"எனக்கு வரியே வராதுக்கா. அப்புறம் எதுக்குத் தாக்கல் பண்ணணும்?" என்றேன்.

"வரி வராதது வேற, கணக்கு காட்றது வேறம்மா. சம்பளம் ஒரு அளவைத் தாண்டிட்டா காட்டியே ஆவணும். தள்ளுபடில வரி பூஜ்யமாப் பூடும், அவ்ளோதான்."

என் பான் எண்ணைப் போட்டு, ஆண்டுத் தகவல் அறிக்கை என்ற ஒன்றைத் திறந்தார். நம்மைப் பற்றிக் கம்பெனியும் வங்கியும் அரசாங்கத்துக்குச் சொன்னதெல்லாம் அதில் இருக்குமாம். என்னைப் பற்றி யார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று பார்க்க ஆசையாக இருந்தது. சம்பளம் சரியாக இருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று.

"டெபாசிட் வட்டின்னு ஒண்ணு கீது. திருநெல்வேலி பிராஞ்சு. சொல்லவே இல்லியே நீ?"

"எனக்கு டெபாசிட்டே கிடையாதுக்கா."

"உன்னுது இல்லன்னா இல்லன்னு இதுலயே பதில் போடலாம். ஆனா விசாரிக்காம போடாத."

வெளியே வந்து, திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்து டெபாசிட்டைப் பற்றிக் கேட்டேன். பேச்சை வேறு எங்கோ இழுத்துப் பார்த்தாள். நான் விடவில்லை.

"ஒனக்கு யாருட்டி சொன்னா?"

"கவர்மென்ட்டு சொல்லுது."

"அது எம் பீடிக் காசுட்டி," என்றாள்.

கண்ணில் புரை விழுந்து பீடி சுற்றுவதை நிறுத்தியபோது அம்மாவுக்குப் பிஎஃப் பணம் வந்திருக்கிறது. பள்ளியில் உதவித்தொகைக்காக எனக்கும் அவளுக்கும் சேர்த்துத் தொடங்கிய வங்கிக் கணக்கை நான் மறந்தே போயிருந்தேன். அவள் மறக்கவில்லை. அவளிடம் பான் கார்டு இல்லாததால் என் பெயரை முதலில் போட்டு டெபாசிட் செய்திருக்கிறாள். பொங்கலுக்குப் போயிருந்தபோது, பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்தில், கேஸ் மானியத்துக்கு என்று சொல்லி என்னிடம் பான் கார்டு நகலும் இரண்டு கையெழுத்தும் வாங்கினாள். அது இதற்குத்தான்.

"எங்கிட்டச் சொன்னா என்னம்மா?"

"நீ ஒங்க அண்ணன்கிட்டச் சொல்லுவ. அவன் ஆட்டோ மாத்தணும்னு கேப்பான். எனக்கு இல்லைன்னு சொல்ல வராது."

அம்மாவுக்கு பிஎஃப் இருந்ததே எனக்குத் தெரியாது. என் பிஎஃப்பை மாதாமாதம் செல்போனில் பார்க்கிற நான், பீடி சுற்றுகிறவளுக்கும் அப்படி ஒன்று இருக்கும் என்று நினைத்ததில்லை. எத்தனை வருடம் பிடித்தார்கள், யார் மனு எழுதிக் கொடுத்தார்கள், எந்த ஆபீஸ் என்று அடுக்கடுக்காகக் கேட்டேன். தனியாகப் பாளையங்கோட்டை ஆபீசுக்கு நான்கு நடை நடந்ததாகச் சொன்னாள். கைரேகை விழாமல் இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்களாம். பீடி இலை தேய்த்த விரல் என்று அவளே அதிகாரியிடம் விளக்கினாளாம். அரை மணி நேரம் பேசினோம். சாப்பிட்டாயா, பஸ் வந்ததா என்பதைத் தாண்டி அவ்வளவு பேசியது அன்றுதான்.

உள்ளே போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நியாயமாப் பாத்தா துட்டு யாருதோ வட்டியும் அவங்க வருமானம்தான். ஆனா அம்மாவுக்குப் பான் இல்ல, டெபாசிட்டு உன் பேர்ல கீது. இன்னா செய்யலாம், சொல்லு."

"இந்த வருஷம் என் கணக்குலயே காட்டிருங்க."

இதர வருமானம் என்ற இடத்தில் அதைச் சேர்த்தார். அப்போதும் வரி பூஜ்யம்தான். ஆதாருக்கு வந்த ஓடிபியைச் சொன்னேன். இப்படி உறுதி செய்வதை முப்பது நாளுக்குள் முடிக்காவிட்டால் தாக்கல் செல்லாது என்றார். ரசீது அச்சாகி வந்தது.

விசா கிடைத்து, கொரியாவுக்குப் போய் வந்தேன். திரும்பியதும் முதல் லீவில் ஊருக்குப் போய் அம்மாவுக்குப் பான் கார்டுக்கு மனுப் போட்டேன். டெபாசிட் முதிர்ந்தபோது அவள் பெயரை முதலில் வைத்துப் புதிதாகப் போட்டோம். அண்ணனுக்கு இதுவரை தெரியாது.

பான் கார்டு தபாலில் வந்த அன்றே அம்மா போன் செய்திருந்தாள்.

"நானும் ஜூலையில கணக்கு காட்டணுமா?"

"வேண்டாம்மா. ஒன் வருமானத்துக்குத் தேவையில்ல."

"காட்டினா வேண்டாம்னு சொல்லுவாங்களா?"

"சொல்ல மாட்டாங்க."

"அப்ப எனக்கும் ஒண்ணு போட்டுரு," என்றாள்.