வலைத்துணி கட்டிய புனல்

என் அலுவலக மேசை மேல் ஒரு புனல் இருக்கிறது. கடையில் வாங்கியது இல்லை. வெள்ளை பிளாஸ்டிக் கேன் ஒன்றின் கழுத்தை அறுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து, அகன்ற வாயின் மேல் நாலாக மடித்த நீல வலைத்துணியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிய புனல். எத்தனை முறை சோப்பு போட்டுக் கழுவியும் டீசல் நாற்றம் போகவில்லை. செல்போன் டவர்களைப் பராமரிக்கிற ஒரு பெரிய கம்பெனியின் கடலூர் அலுவலகத்தில், கேடயமும் கோப்பையும் வைக்கிற இடத்தில் இது எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. சும்மா அழகுக்கு என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். நாளைக் காலை சென்னையிலிருந்து விசாரணைக்கு இரண்டு பேர் வருகிறார்கள். அவர்களிடம் அந்தச் சமாளிப்பெல்லாம் நடக்காது. அவர்கள் கேட்கப்போவதே இந்தப் புனலைப் பற்றித்தான்.

புனல் என்னிடம் வந்து சேர்ந்தது மாமாவால். மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். அப்போது அவர் இதே கம்பெனியில் சிதம்பரம் பகுதிக்கு இன்சார்ஜ். நான் கடலூரில் உட்கார்ந்து, எந்த டவருக்கு யார் போக வேண்டும் என்று போனில் சொல்கிற வேலையில் இருந்தேன். வீட்டில் என்னை வாயாடி என்று கூப்பிடுகிறவர், அலுவலகப் போனில் மட்டும் "சொல்லுங்க மேடம்" என்பார். அந்த 'மேடம்' என்ற சொல்லில் அவர் வைக்கிற கிண்டல் எனக்கு மட்டும்தான் தெரியும். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், பிடிவாதக்காரர். ஒரு காரியம் சரி என்று பட்டுவிட்டால் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போய்விடுவார். அந்தக் குணத்தால் அக்கா பட்ட பாட்டை எழுத ஆரம்பித்தால் அது வேறு கதையாகிவிடும்.

எங்கள் வேலையில் எல்லாமே டிக்கெட்தான். ஒரு டவரில் கரண்ட் போனால், எங்கோ இருக்கிற கன்ட்ரோல் ரூமில் சிவப்பு விளக்கு எரியும். அவர்கள் கம்ப்யூட்டரில் ஒரு டிக்கெட் போடுவார்கள். அந்த டிக்கெட் எங்களுக்கு வந்த பிறகுதான் ஆள் கிளம்ப வேண்டும். வேலையை முடித்துப் போட்டோ அனுப்பினால் டிக்கெட் மூடப்படும். டிக்கெட் இல்லாமல் ஒரு ஸ்குரூவைத் திருகினாலும் தப்பு. இத்தனைக்கும் எங்கள் அலுவலகச் சுவரில், சொந்த முயற்சி எடுப்பவரே கம்பெனியின் சொத்து என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் கம்பெனியை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனசு வராது. டவர் ஜெனரேட்டரில் இருந்து டீசல் உறிஞ்சி விற்றவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆளாளுக்கு அவரவர் புத்திப்படி நடந்தால் டீசல் எங்கே போகும் என்று எனக்கும் தெரியும். அந்தக் கட்டுப்பாடுகள் சும்மா வந்தவை அல்ல.

சில வருஷங்களுக்கு முன்பு வந்த புயல் அது. காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். மத்தியானத்துக்குள் டவர்களில் பேட்டரி தீர்ந்து, ஒவ்வொன்றும் ஜெனரேட்டரை நம்பி நின்றது. டீசல் வண்டி சிதம்பரத்தைத் தாண்ட முடியவில்லை. கிள்ளை போகிற ரோட்டில் தண்ணீர். கிள்ளைக்குக் கிழக்கே, மீனவர் குப்பத்தை ஒட்டியிருந்த டவரில் டீசல் தீர்ந்து போனது. கன்ட்ரோல் ரூமில் இருந்து எனக்கு உத்தரவு வந்தது: அந்த டவர் வருமானம் குறைந்தது, அதை விட்டுவிடலாம், சிதம்பரத்தில் இருக்கிற முக்கியமான டவரை விட்டு இன்சார்ஜ் நகரக்கூடாது. அதை அப்படியே மாமாவுக்குச் சொன்னேன். அது ரெக்கார்ட் ஆகிற லைன்.

"மேடம், அந்தக் குப்பத்துல நாலு படகு இன்னும் கரை திரும்பல. பொம்பளைங்கல்லாம் போனைக் கையில வச்சிக்கிட்டு நிக்கறாங்களாம்."

"டிக்கெட் இல்ல சார். நீங்க போகக்கூடாது."

"என்னா மேடம்? லைன் சரியா கேக்கல."

போனை வைத்துவிட்டார். டவர்காரர் சொல்லக்கூடாத பொய் ஒன்று உண்டென்றால் அது இதுதான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவருக்கு நிரந்தர வேலைக்கான உத்தரவு வர வேண்டிய நேரம். அக்கா அந்த உத்தரவை நம்பி வீட்டு லோனுக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். போகிற போக்கில் இந்த மனுஷன் எல்லாவற்றையும் உடைத்துவிடுவாரோ என்று பட்டது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் ஒடிந்துவிடும்போல் ஆடிக்கொண்டிருந்தது. மாமாவின் நம்பரைத் திரும்பத் திரும்ப அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே பதில் வந்தது. அக்கா போன் பண்ணி, "அவுரு எங்கடி?" என்றாள். சிதம்பரத்தில்தான் இருக்கிறார் என்றேன். வேறு என்ன சொல்வது?

அங்கே நடந்ததை அவர் பிறகு வீட்டில் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன். முக்கியமான டவரில் இன்னொரு டெக்னீஷியனை உட்கார வைத்துவிட்டு, டூவீலரைப் பாதி தூரம் ஓட்டியும் மீதி தூரம் தள்ளியும் குப்பத்துக்குப் போயிருக்கிறார். அங்கே அதிகாரிகள் வேன் வைத்துக்கொண்டு, புயல் பாதுகாப்பு மையத்துக்கு வாருங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பெண்களில் ஒருத்தி கூட அசையவில்லை. அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம்: புருஷன் கடலில் இருக்கும்போது வீட்டைப் பூட்டக்கூடாது. பூட்டினால் அவன் திரும்பி வருகிற வழியைப் பூட்டினது மாதிரி. ஆள் கரையேறிவிட்டான் என்று காதால் கேட்ட பிறகுதான் பூட்டைத் தொடுவார்கள். படகுகள் எங்கேயாவது ஒதுங்கியிருந்தாலும் அந்தச் செய்தி வந்து சேர ஒரே வழி செல்போன். அந்தப் போனுக்கு உயிர் கொடுக்கிற டவர் ஊமையாக நின்றது. கடல் ஏறினால் முதலில் தண்ணீர் புகுகிற வீடுகள் அவை.

கரையில் ஏற்றி வைத்திருந்த படகுகளில் டீசல் இருந்தது. மீன்பிடிக்க என்று அரசாங்கம் வரியில்லாமல் கொடுக்கிற டீசல். அதை வேறு காரியத்துக்குக் கொடுத்தது தெரிந்தால் அந்தப் படகுக்கு அதற்கப்புறம் டீசல் கிடைக்காது. மாமா அதைத் தெரிந்துதான் கேட்டார். ஒரு பெண் மட்டும் முன்னால் வந்திருக்கிறாள். அவளுடைய புருஷனும் திரும்பாத படகுகளில் ஒன்றில்தான் போயிருந்தான்.

"டவரு ஓடுனா எங்க ஆளு பேசுவாரா?"

"பேசுவாருன்னு நான் சொல்லமாட்டேம்மா. பேசுனா கேக்கும்."

அவள் உள்ளே போய்க் கேனையும் இந்தப் புனலையும் கொண்டு வந்திருக்கிறாள். படகு டீசலில் மணல் இருக்கும், வடிகட்டாமல் ஊற்றினால் மிஷின் நின்றுபோகும் என்று சொல்லி, வலைத்துணியை அவளே ஒரு முறை உதறிக் கட்டிக் கொடுத்தாளாம்.

கடலூரில் என் சொந்த போன் அடித்தது. மாமாவின் நம்பர்.

"கிள்ளையில இருந்து பேசறேன். டவரு எழுந்துடுச்சின்னு தனியா சொல்லணுமா?"

"டீசல் ஏது மாமா?"

"அதைக் கேக்காத. தெரிஞ்சிக்கிட்டா நாளைக்கு நீ பொய் சொல்ல வேண்டி வரும்."

அன்று சாயங்காலத்துக்குள் படகுகளில் போனவர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். எல்லோரும் பழையாறு துறைமுகத்தில் ஒதுங்கியிருந்தார்கள். குப்பத்தில் பூட்டுகள் விழுந்தன. வேன்கள் கிளம்பின. வெளிச்சம் போவதற்குள் கடல் வீடுகளுக்குள் வந்துவிட்டது. அப்போது அங்கே ஒரு ஆட்டுக்குட்டி கூட இல்லை.

இதற்குக் கம்பெனி மாமாவுக்கு என்ன கொடுத்தது? விசாரணை கொடுத்தது. ஜெனரேட்டர் ஓடிய நேரம் கம்ப்யூட்டரில் ஏறியிருந்தது. டீசல் ஊற்றிய விவரம் ஏறவில்லை. டீசல் இல்லாமல் ஜெனரேட்டர் எப்படி ஓடும்? ஆகவே இந்த ஆள் முன்பே டீசலைத் திருடி எங்கேயோ பதுக்கி வைத்திருக்க வேண்டும், பயந்துபோய் அதைத் திருப்பி ஊற்றியிருக்கிறான் என்று முடிவு கட்டினார்கள். ஊரில் திருடன் டீசலை எடுப்பான், இவர்கள் டீசலை ஊற்றினவனைத் திருடன் என்றார்கள். கடலூர் அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்கள். நானும் அந்த அறையில் உட்கார வைக்கப்பட்டேன். டவர் எழுந்ததற்கு அத்தாட்சியாக மாமா அங்கிருந்து அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கி, மூலையில் தெரிந்த புனலைக் காட்டி, இது யாருடையது என்றார் ஒருவர்.

"என்னுது சார்."

"கம்பெனி குடுக்கற புனல் இது இல்லையே. வலை எங்க கிடைச்சிது?"

"முதுநகர் மீன் மார்க்கெட்ல சார். வீட்டுல கொசு ஜாஸ்தி, அதுக்கு வாங்குனது."

ஒரு சொல் போதும், மாமா தப்பித்திருப்பார். அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்ல வேண்டியதுதான். படகுக்காரர்கள் கொடுத்தார்கள் என்றுகூட அவர் சொல்லவில்லை. என்னைக் கேட்டார்கள். டீசல் எங்கே கிடைத்தது என்று அவர் எனக்குச் சொல்லவில்லை என்றேன். அந்த நிமிஷம் வரைக்கும் அது சத்தியமான வார்த்தை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஆயுளில் முதல்முறையாக அதற்கு மேல் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

திருட்டை நிரூபிக்க முடியவில்லை. அதனால் வேலையை விட்டு நீக்கவில்லை. இன்சார்ஜ் பதவியைப் பிடுங்கிக்கொண்டு, முதுநகரில் செத்துப்போன பேட்டரிகளை அடுக்கி வைக்கிற குடோனுக்கு அனுப்பினார்கள். நிரந்தர வேலை உத்தரவு வரவே இல்லை. "வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதையால்ல ஆயிடுச்சி. பேட்டரியோட பேட்டரியா மனுஷனையும் அடுக்கிட்டாங்களே" என்று அக்கா அழுதாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அவர் மேல் ஆத்திரமாகவும் இருந்தது. ஒரு வார்த்தை முன்கூட்டி என்னிடம் சொல்லியிருந்தால் ஏதாவது வழி பார்த்திருப்பேனே என்று சண்டை போட்டேன். அவர் புனலைக் காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தார். "எங்கிட்ட இருந்தா வம்பு. அவுங்ககிட்ட திருப்பிக் குடுக்கப் போனா அதைவிட வம்பு. யாராவது பாத்துக்கிட்டே இருப்பாங்க. உங்கிட்ட இருக்கட்டும்" என்றார்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் தலைமை அலுவலகத்தில் இருந்து புது விதி ஒன்று வந்தது. புயல், வெள்ளக் காலங்களில் பகுதிப் பொறுப்பாளர் உள்ளூரிலேயே டீசல் வாங்கிக்கொள்ளலாம். பெட்ரோல் பங்க் பில் இருந்தால் போதும். மாமாவிடம் படித்துக் காட்டினேன். "நல்ல யோசனைதான். எவனோ கடல் பக்கம் போயிட்டு வந்தவன் எழுதியிருக்கான்" என்றார். அவர் முகத்தில் கசப்பு இருக்கிறதா என்று தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு பெரிய கம்பெனியில் தனி ஒரு ஆளின் சொந்த முயற்சிக்கு மதிப்பு உண்டா என்று யாராவது என்னைக் கேட்டால், உண்டு என்பேன். அந்த விதியைப் பிறக்க வைத்தது மாமாதான். ஆனால் குழந்தைக்கு அப்பா பெயர் எழுதவில்லை. முயற்சி கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்துவிடும், ஆள் குடோனில் நின்றுவிடுவான். இது நியாயமா என்றால், இல்லை. அதற்காக அன்றைக்கு அவர் சும்மா இருந்திருக்க வேண்டுமா என்றால், அதற்கும் எனக்கு மனசு ஒப்பவில்லை.

போன மாதம் மறுபடியும் புயல். இப்போது கடலூர் அலுவலகத்துக்கு நான்தான் பொறுப்பு. அதே டவர், அதே ரோட்டில் தண்ணீர். சிதம்பரத்தின் இப்போதைய இன்சார்ஜ் விழுப்புரம் பக்கத்துக்காரர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். "மேடம், பங்க் எல்லாம் மூடிட்டாங்க. பில்லு கிடைக்காது. டீசல் தர்றதுக்கு அங்க ஆளு இருக்கு. என்னா பண்றது?" என்றார். மாமா குடோனுக்குப் போன கதை எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். பேசிக்கொண்டிருந்தது ரெக்கார்ட் ஆகிற லைன் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"யாரு குடுக்கறாங்கன்னு எங்கிட்ட சொல்லாதீங்க. வாங்கி ஊத்துங்க. நான் சொல்லித்தான் செஞ்சீங்கன்னு இந்த லைன்ல பதிவாகட்டும்" என்றேன். என் பெயரையும் பதவியையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். சிதம்பரத்துக்குப் பேட்டரி ஏற்றிக்கொண்டு கிளம்பிய வண்டியில் இந்தப் புனலையும் கொடுத்தனுப்பினேன். படகு டீசலில் மணல் இருக்கும் அல்லவா? டவர் எழுந்தது. மறுநாள் புனல் பத்திரமாக என் மேசைக்குத் திரும்பி வந்தது. கூடவே, இன்சார்ஜ் அனுப்பிய போட்டோவின் மூலையில் அது விழுந்திருக்கிற செய்தியும் வந்தது.

இன்று மாலை மாமா குடோன் வேலையை முடித்துவிட்டு என் அலுவலகத்துக்கு வந்தார். விசாரணைக் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு மடித்து மேசை மேல் வைத்தார்.

"யாருதுன்னு கேப்பாங்க" என்றார்.

"என்னுதுன்னு சொல்லுவேன்."

"அது முடியாது. நான் ஏற்கெனவே என்னுதுன்னு சொல்லிட்டேன். பழைய ஃபைலை எடுத்துட்டு வருவாங்க."

"அப்ப குடும்பச் சொத்துன்னு சொல்லிக்கறேன் மாமா."

அவர் சிரிக்கவில்லை. புனலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வலைத்துணியைச் சுற்றியிருந்த கயிறு தளர்ந்திருந்தது. அதை இழுத்து இறுக்கி, மேலே இன்னொரு முடிச்சுப் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார்.