பாதி கொதித்த வெள்ளம்

ஹோட்டலில் சப்ளையராக நின்றவர்களுக்குத் தெரியும், அடுக்களையில் ஒருவன் செய்யும் அக்கிரமத்துக்கு மேசையருகே நின்று ஏச்சு வாங்குவது நாம்தான். தொண்ணூறுகளில் வெள்ளறடை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு சின்ன ஹோட்டலில் மூன்று வருஷம் நின்றேன். நான் வாங்கிய ஏச்சில் பாதி, சமையல்காரர் தங்கையன் அண்ணனுக்குப் போயிருக்க வேண்டியது.

சீரக வெள்ளம்

எங்கள் பக்கம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த வெள்ளம் (தண்ணீரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வைத்தாக வேண்டும். இல்லையென்றால் ஆள் எழுந்து அடுத்த கடைக்குப் போய்விடுவார். மத்தியான நெரிசலில் அது ஆற நேரமேது? ஒருநாள் பார்க்கிறேன், அண்ணன் கிணற்றிலிருந்து ஒரு வாளி கோரி அப்படியே அண்டாவில் கவிழ்க்கிறார். மழைக்காலம், கிணறு செம்மண் நிறத்தில் கிடந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பின்ன எதுக்கு அண்ணா கொதிக்க வைக்கணும்?" என்றேன். அவர் கரண்டியால் ஒரு கலக்குக் கலக்கிவிட்டுச் சொன்னார்: "எலே, கொதிச்ச வெள்ளத்துல சேந்தா பச்ச வெள்ளமும் கொதிச்சதாக்கும்."

நம்பி வந்தவர்

ரப்பர் வெட்டும் ஞானமணி மாமா எங்கள் தினசரி வாடிக்கை. மஞ்சள் காமாலையில் ஒன்றரை மாதம் கிடந்துவிட்டு அன்றுதான் வந்திருந்தார். கண்ணில் மஞ்சள் முழுசாகப் போகவில்லை. பச்சை வெள்ளம் தொடவே கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அவர் தம்ளரைத் தூக்கியதும் கையைப் பிடித்துவிட்டேன். "இது வேண்டாம் மாமா, சாயா தாறேன்" என்றேன். காரணத்தைச் சொன்னால் வேலை போகும் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கோழைத்தனம் இன்றும் உறுத்துகிறது.

அவர் சிரித்தார். "வேற கடையில குடிச்சுத்தான் எனக்கு இந்த தீனம் வந்துது மக்கா. இங்கத்த வெள்ளத்துக்கு ஒரு பயமும் இல்ல."

அரிசிப் பெட்டிக்குப் பின்னால்

அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. அடுக்களைக்குள் போய், "அந்த மனுசனுக்கு வல்லதும் ஒண்ணு ஆனா அண்ணன் பதில் சொல்லுவியளா?" என்று கத்தினேன். அவர் அரிசிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குப்பியை எடுத்து அண்ணாந்து குடித்தார். சீரக வெள்ளம். கிணற்று வாளியைக் கவிழ்ப்பதற்கு முன்பே தனக்கென்று எடுத்து வைத்தது. என்னவென்று கேட்டதற்குக் கூசாமல் சொன்னார்: "எனக்கு பச்ச வெள்ளம் பிடிக்காது மக்கா, வயித்த கெடுத்துரும்."

குப்பியைப் பிடுங்கிக்கொண்டுபோய் மாமாவின் மேசையில் வைத்தேன். முதலாளி உட்பட எல்லாரும் கேட்க நடந்ததைச் சொன்னேன். மாமா குப்பியைப் பார்த்தார், பின்னாலேயே ஓடிவந்து நின்ற அண்ணனைப் பார்த்தார். "தங்கையா, இந்த தீனம் எனக்கு எங்க வச்சு கிட்டிச்சுன்னு இப்பளாக்கும் தெரிஞ்சுது."

மறுநாள் வேலை போனது எனக்குத்தான் என்றாலும், அன்றிலிருந்து எந்த ஹோட்டலில் உட்கார்ந்தாலும் சமையல்காரர் குடிப்பது எதுவோ அதையே எனக்கும் கொண்டுவரச் சொல்கிறேன்.