காலி வயரில் ஒரு துடிப்பு

நம்பாவிட்டால் பரவாயில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். அன்று ஓடிய பேப்பர் சுருள் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. மைசூருக்கு வந்தால் காட்டுகிறேன்.

போன வருடம், ஆகஸ்ட் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. பட்டப்பகல். மேட்டகள்ளியில் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்க்கும் கடையில் நான் மட்டும் இருந்தேன். ஒரு ஈசிஜி மெஷினைச் சோதித்து, நாலரை மணிக்கு வேன் வருவதற்குள் 'ஓகே' சீட்டு ஒட்ட வேண்டும். நான் ஓகே சொன்ன இரண்டு மெஷின்கள் அந்த மாதமே திரும்பி வந்திருந்தன. “மூணாவதும் வந்தா நீ வேற வேலை பார்த்துக்க, தாரணி” என்று முதலாளி இராமச்சந்திரன் சொல்லிவிட்டார். அப்பாவுக்குக் கட்டட வேலை நின்றுபோயிருந்த நேரம். என் வேலையும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

எனக்குச் சந்தேகம் சித்தையண்ணன் மேல்தான். ராமாபுரத்துக்காரர், கடையில் எனக்கு மூத்தவர். திரும்பி வந்த இரண்டு மெஷின்களையும் கடைசியாகத் திறந்தவர் அவர். தன் மச்சானுக்கு வேலை கேட்டு முதலாளியை நச்சரித்துக்கொண்டிருந்தவரும் அவர்தான். அன்று காலையிலும் இதே மெஷினைத் திறந்து பார்த்துவிட்டு, மத்தியானம் ஊருக்குப் பஸ் ஏறியிருந்தார்.

ஈசிஜி மெஷினுக்கு உயிர் ஆப்-ஆம்ப் என்ற சின்னக் கறுப்பு ஐசி. அதற்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். தன் இரண்டு இன்புட்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை எடுத்துப் பல மடங்கு பெரிதாக்கும். இரண்டும் ஒன்றானால் வெளியே பூஜ்யம். வலக்கைக்கும் இடக்கைக்கும் நடுவே இதயம் உண்டாக்கும் துளியூண்டு வித்தியாசம்தான் பேப்பரில் துடிப்பாக எழும்புகிறது. லீடுகளை, அதாவது உடம்பில் மாட்டும் வயர்களை, யாருக்கும் மாட்டாமல் விட்டால் கோடு கண்டபடி கிறுக்கும், இல்லை மேலே போய் முட்டிக்கொண்டு நிற்கும். துடிப்பு மட்டும் வராது. வரவே முடியாது.

மணி 3.20. லீடுகள் மேசையில் காலியாகக் கிடந்தன. சுவிட்சைப் போட்டேன்.

டிக்... டிக்... டிக்... டிக்...

நாலு துடிப்பு. உடனே அவசரமாக ஒரு குட்டித் துடிப்பு. ஒரு இடைவெளி. மறுபடி நாலு.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். பழுது பார்த்தவர் தன் உடம்பிலேயே மெஷினை மாட்டிப் பார்த்து, அந்தப் பேப்பரை வேலைக் கார்டில் குத்திவைக்க வேண்டும். பேப்பரைப் பார்த்தே யார் செய்த வேலை என்று சொல்லிவிடுவேன். அந்தக் குட்டித் துடிப்பு சித்தையண்ணனுடையது.

எதையோ உள்ளே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூடியைக் கழற்றினேன். ஒன்றும் இல்லை. அணைத்துவிட்டு ஐசியை மாற்றிப் போட்டேன். அதே துடிப்பு... கரண்ட் வயரைப் பிடுங்கி, பேட்டரியில் ஓட்டினேன். அதே துடிப்பு...

3.36. அவருக்குப் போன் போட்டேன்.

“மெஷின்ல என்னண்ணா வெச்சிருக்கீங்க?”

“நானா? பஸ்ஸுல இருக்கறேன் அம்மணி. நரசிபுரம் தாண்டியாச்சு.”

“பொய் சொல்லாதீங்க. உங்க மச்சானுக்காகத்தானே இதெல்லாம்?”

“தாரணி! வாயை அளந்து பேசு!”

அவர் கத்தினார். பேப்பரில் துடிப்பு வேகமெடுத்தது.

போனை வைத்தேன். எங்கிருந்தாவது பார்க்கிறாரா? ஜன்னலைப் பார்த்தேன். கதவைத் திறந்து பார்த்தேன். தெருவில் யாரும் இல்லை.

ஒரு வழி இருந்தது. இரண்டு கை லீடுகளையும் ஒரே கிளிப்பில் சேர்த்துவிட்டால் வித்தியாசம் பூஜ்யம். கோடு நேராக ஓட வேண்டும். ஓடினால் மெஷினில் கோளாறு இல்லை. சீட்டு ஒட்டிவிடலாம்.

3.41. கிளிப்பை மாட்டினேன்.

கோடு நேரானது.

அப்பாடா என்றிருந்தது. சீட்டில் கையெழுத்துப் போட்டேன். நாற்பது விநாடி போயிருக்கும். கிளிப்பைக் கழற்றினேன்.

ஒன்றும் இல்லை...

ஒன்றும் இல்லை...

டிக்.

டிக்... டிக்...

கோணல்மாணலாக. திணறித் திணறி. ஆனால் அவருடையதுதான்.

மறுபடி கிளிப்பை எடுத்து நீட்டினேன்...

போன் அடித்தது.

சித்தையண்ணன் நம்பர். பேசியவர் கண்டக்டர், கன்னடத்தில். கடைசியாகப் பேசிய நம்பர் என்பதால் எனக்குப் போட்டிருக்கிறார். ஆள் சீட்டிலேயே சரிந்துவிட்டார், நாடி நின்றுவிட்டது, பஸ்ஸில் இருந்த ஒரு நர்ஸ் நெஞ்சை அழுத்தி அழுத்தி மீட்டிருக்கிறார் என்றார்.

“எத்தனை மணிக்கு?”

இப்போதுதான், இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை என்றார்.

கிளிப் விஷயத்தை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. மெஷின் வேனில் போனது. திரும்பி வரவில்லை. என் வேலையும் தப்பித்தது.

பத்து நாள் கழித்து, கொள்ளேகாலில் ஆஸ்பத்திரியில் இருந்த அவரைப் பார்க்கப் போனேன். அவர் மனைவி லிங்கம்மா எனக்குக் காபி வாங்க வெளியே போனார். சித்தையண்ணன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மொத தடவை தெரியாம மாட்டிட்ட. அதை விடு” என்றார்.

நான் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டேன்.

“ரெண்டாவது தடவையும் கிளிப்பை எடுத்து நீட்டினியே, அம்மணி... அப்ப தெரிஞ்சுதான நீட்டின?”