படிக்கு லிட்டர், கடகத்துக்குப் பெட்டி

இசக்கியம்மாளிடம் வாய்கொடுத்து மீண்டவர் அந்த உப்பளத்தில் எவரும் இல்லை. தூத்துக்குடிக்குத் தெற்கே சுற்றிலும் உப்புத் தண்ணீர், குடிக்கத்தான் ஒரு சொட்டு கிடையாது. பதினாறு வயதில் தலையில் உப்புச் சுமக்கும் பெரிய ஓலைக் கடகம் ஏற்றியவள், கட்டியவன் போய்ச் சேர்ந்த பிறகும் அதை இறக்கவில்லை.

வண்டியில் பீப்பாயோடு வரும் தண்ணீரை மதியம் ஆளுக்கு ஒரு படி அளந்து ஊற்றுவது அங்கே வழக்கம். எழுபத்துமூன்றாம் வருஷக் கோடையில் கணக்கப்பிள்ளை ராஜதுரை படியை ஓரங்கட்டிவிட்டு ஒரு லிட்டர் குவளையோடு வந்தார். இனி எல்லாம் சர்க்கார் அளவுதானாம். படிக்குப் பதில் லிட்டர், ஒன்றுக்கு ஒன்று. அளத்துப் படியோ ஒன்றரை லிட்டருக்குக் குறையாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற இந்தக் கணக்கை என்னவென்று சொல்ல! கேட்ட பெண்களிடம், பேர்தான் மாறியிருக்கிறது, தண்ணீர் அதேதான் என்று சாதித்தார். சில நாளில், ஆறு மாதக் கர்ப்பிணி செல்லக்கனி பாத்தி வரப்பில் சுருண்டு விழுந்தாள். அன்று மாலையே இசக்கியம்மாள் பெண்களின் வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

மறுநாள் பெண்கள் எல்லோரும் கடகத்தை வீட்டில் வைத்துவிட்டு, காய்கறி வாங்கும் சின்ன ஓலைப்பெட்டியோடு வந்து இறங்கினார்கள். எல்லாம் அவள் ஏற்பாடுதான். ஆளுக்கு இத்தனை நடை என்பதே அங்கே வேலைக் கணக்கு. நடை குறையவில்லை, உப்பு அம்பாரம்தான் ஏறவில்லை. வெளியே லாரிகள் நின்றன, துறைமுகத்தில் கப்பல் காத்திருந்தது. ராஜதுரை இசக்கியம்மாளை வழிமறித்தார்.

"ஏளா இசக்கி, இதுவா கடகம்?"

"பேருதான் மாறியிருக்கு, அண்ணாச்சி. உப்பு அதேதான்."

அவளைத் தனியே அழைத்து, அவளுக்கு மட்டும் தினமும் இரண்டு லிட்டர் தருவதாக ஆசை காட்டினார். ஒரு குவளை ஊற்றியும் கொடுத்தார். விலைபோகிறவளா அவள்? வாங்கிய குவளையைச் செல்லக்கனி கையில் கொடுத்துவிட்டு, சின்னப் பெட்டியை மறுபடியும் தலையில் வைத்தாள்.

மதியம் முதலாளியே ஓடி வந்தார். இனி ஆளுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேலேயே ஊற்றச் சொல்கிறேன், கடகத்தை எடுத்து வாருங்கள் என்று கெஞ்சாத குறை. கிளம்ப எழுந்த பெண்களை இசக்கியம்மாள் கையமர்த்தினாள்.

"லாரி நிக்கட்டும் மொதலாளி. மொதல்ல தண்ணியை ஊத்தச் சொல்லுங்க. எல்லாரும் குடிச்ச பொறவு கடகம் வரும்."

ராஜதுரையே குவளையைப் பிடித்து வரிசையாக ஊற்றினார். கடைசிப் பெண் குடித்து வாயைத் துடைக்கும்வரை ஒரு லாரியும் நகரவில்லை.