தானாக அழியும் வசதி

எங்கள் மீனவர் சங்கத்துக்குச் செய்தி அனுப்பும் செயலியைத் தேர்ந்தெடுத்தது நான்தான். கடலுக்குப் போகிறவர்கள் எழுதமாட்டார்கள். குரலில் பேசித்தான் செய்தி அனுப்புவார்கள். ஒரு மாதத்தில் எல்லாம் தானாக அழிந்துவிடும், போன் நிரம்பாது என்று பெருமையாகச் சொன்னேன்.

கடலில் காணாமல்போன உறுப்பினருக்காக, ஒரு மாதம் கடந்தபின் கோயிலில் பூசை வைத்த அன்று, அவர் மனைவி என்னிடம் வந்தார்.

"மக்கா, வள்ளத்துல இருந்து கடைசியா பேசி அனுப்பினாருல்லா? அத ஒருக்கா போடு. பிள்ளையளும் கேக்கட்டும்."

தேடிப் பார்த்தேன். "அழிஞ்சு போச்சுக்கா" என்றேன்.

"புதைக்க ஒடம்புதான் கிடைக்கல்ல. சத்தமும் இல்லியா மக்கா?"

அன்றே அந்த வசதியை நிறுத்தினேன். அதன்பிறகு வந்த காலை வணக்கங்கள்கூட இன்றுவரை அழியாமல் கிடக்கின்றன. அவர் குரல்தான் இல்லை.